எல்லா வெளிக்கடையும் ஒன்றல்ல

பிளே ஸ்டோரைத் தவிர வேறெங்கும் செயலி இறக்காதீர்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏபிகே கோப்புக்கு, அதாவது செயலியை நேரடியாக நிறுவும் கோப்புக்கு, அது சரி. எஃப்-டிராய்டு என்ற ஆண்ட்ராய்டு செயலிக் கடையையும் அதோடு சேர்ப்பது நியாயமில்லை. 2010 முதல் இருக்கிறது. மூல நிரலை யாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் செயலிகள்தான் அங்கே. கணக்கு வேண்டாம். விளம்பரமோ, நம்மைப் பின்தொடரும் நிரலோ இருந்தால் செயலியின் பக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அம்மாவின் போனில் இருந்த ஒரு டார்ச் செயலி தொடர்பு எண்களையெல்லாம் கேட்டது, வெளிச்சம் காட்ட அது எதற்கு? கோத்தகிரியில் எங்கள் தோட்டத்துப் பக்கம் சிக்னல் கிடைப்பதே பாடு. எஃப்-டிராய்டில் இறக்கிய ஓஎஸ்எம்ஆண்ட் வரைபடம், நெட் இல்லாமலே மேட்டுப்பாளையம் வரை வழி காட்டுகிறது. அப்புறம் ஒன்று: ஆண்ட்ராய்டு 8 முதல் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதியை பிரவுசர், எஃப்-டிராய்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கொடுக்கலாம். பிரவுசருக்குக் கொடுத்திருந்தால் வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.