முருகன் கணக்கு ஏன் திறக்கவில்லை?

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் நம் நிரலாளர் கூட்டத்தில், கேள்வி கேட்ட ஒரு மாணவியைப் பார்த்து எல்லோரும் சிரித்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கும் அந்தக் காணொளித் துண்டு இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். "இதையெல்லாம் போய்ப் பெரிதுபடுத்த வேண்டுமா?" என்று மூன்று நண்பர்கள் தனித்தனியே எழுதியிருந்தார்கள். வேண்டாம் என்றுதான் நான்கு நாள் பேசாமல் இருந்தேன். அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போக மறுக்கிறது.

அந்த மாணவி கேட்டது முட்டாள்தனமான கேள்வி அல்ல. இந்தப் பதிவில் இதை இன்னும் சில முறை சொல்வேன். சலிப்பவர்கள் இப்போதே கடந்து போய்விடலாம்.

அப்பாவின் மளிகைக் கடைக்காக, பைத்தான் நிரல்மொழியில், சாளரம் அமைக்க உதவும் டிகிண்டர் என்ற கருவியைக் கொண்டு ஒரு சிறு சாளரம் எழுதியிருக்கிறார். வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் பற்று வரவுக்கும் ஒரு கோப்பு. எல்லாம் நோட்பேடில் தமிழில் தட்டச்சு செய்தவை. பெயரைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால் கணக்கு திரையில் வர வேண்டும். சீதா என்பவரின் கணக்கு ஏதோ கோணல்மாணலான எழுத்துகளோடு வருகிறது, முருகன் என்பவரின் கணக்கோ வரவே இல்லை, பிழைச் செய்தியும் இல்லை, ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "முருகனுக்கு அர்ச்சனை செய்து பார்த்தீர்களா?" என்றார். மொத்தக் கூடமும் சிரித்தது. பேச்சாளர் தாமும் சிரித்துவிட்டு, "இந்தக் காலத்தில் யாராவது டெஸ்க்டாப்புக்கு எழுதுவார்களா? வெப் பக்கம் வந்துவிடுங்கள்" என்று அடுத்த படவில்லைக்குப் போய்விட்டார்.

சிரித்தவர்களுக்காக விடையை இங்கே எழுதுகிறேன். நோட்பேடு இப்போதெல்லாம், எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்கிறது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள், அதாவது 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள். ஆங்கில அமைப்பிலுள்ள விண்டோஸ் கணினியில், இன்று நம் கையில் இருக்கும் பைத்தானிடம் எந்த முறை என்று சொல்லாமல் கோப்பைத் திறந்தால், அது 1252 என்ற பழைய மேற்கு ஐரோப்பியக் குறிப்பட்டியலைக் கொண்டு படிக்கும். அந்தப் பட்டியலில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் எழுத்தே இல்லாமல் காலி. நம் உகரக் குறியின் மூன்றாம் பைட் 129. நம் புள்ளியின் மூன்றாம் பைட் 141. சீதா என்ற பெயரில் உகரமும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆகவே அது கொம்பும் கொண்டையும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகவாவது வந்து சேர்கிறது. முருகன் என்ற பெயரிலோ இரண்டும் உண்டு. 'மு'வைத் தாண்ட முடியாமல் பைத்தான் நின்றுவிடுகிறது. திறக்கும்போது யுடிஎஃப்-8 என்று ஒரு வார்த்தை சேர்த்தால் தீர்ந்தது. பைத்தானை உருவாக்குபவர்களே இதைக் குறையென்று உணர்ந்து, 3.15 பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8ஐ இயல்பான முறையாக்க முடிவெடுத்திருக்கிறார்கள். அவர்கள் குறையென்று ஏற்றதைத்தான் நாம் அர்ச்சனை செய்யச் சொன்னோம்.

ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று அந்தப் பெண் கவனித்ததில்தான் முழு விடையும் இருந்தது. பத்தாண்டு அனுபவமுள்ள பலர் இந்த அளவுக்குத் துல்லியமாகக் குறையை விவரிப்பதில்லை. எத்தனையோ அலுவலகங்களில் "ஓடவில்லை சார்" என்பதுடன் விவரணை முடிந்துவிடும்.

"பிழைச் செய்தியை ஒழுங்காகப் படித்திருக்க வேண்டாமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நானும் என்னிடம் வருபவர்களிடம் முதலில் அதைத்தான் கேட்பேன். ஆனால் இங்கே படிக்கச் செய்தியே இல்லை. பொத்தானுக்குரிய செயல்பாட்டில் பிழை நேர்ந்தால் டிகிண்டர் சாளரத்தை மூடுவதில்லை. பிழையைப் பின்னாலுள்ள கறுப்புத் திரையில் எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அப்பாவுக்கு அந்தக் கறுப்புத் திரை மிரட்சியாக இருக்கிறதென்று, அது வராதபடி இயக்கும் வழியை இவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். கடைக்காரருக்காக யோசித்த ஒரே காரணத்தால் பிழைச் செய்தியையும் சேர்த்து இழந்தார். இதை அவர் எந்தப் பாடத்தில் படித்திருக்க வேண்டும் என்கிறீர்கள்?

அவருடைய இரண்டாவது கேள்வியை யாரும் காதில் வாங்கவே இல்லை. சாளரத்தின் மூலையில் கடிகாரம் ஓடட்டும் என்று ஒரே வரிகளை ஓயாமல் திருப்பிச் செய்யும் ஒரு முடிவிலாச் சுழல் எழுதி, நொடிக்கொரு முறை தூங்க வைத்திருக்கிறார். சாளரம் உறைந்து வெளுத்துப் போகிறது. இது எல்லோரும் விழுந்து எழுந்த பள்ளம். அதுவரை நாம் எழுதும் நிரல் மேலிருந்து கீழாக நம் சொற்படி ஓடுகிறது; சாளரம் வந்தவுடன் நிலைமை தலைகீழாகி, நாம் காத்திருக்க, அது நம்மை அழைக்கிறது. கல்லாவில் இருப்பவரே பால் வாங்கக் கிளம்பிவிட்டால் தேநீர்க்கடையில் வரிசை நிற்கும் அல்லவா, அதே கதைதான். ஐந்து நொடி வரை அழைப்புக்குப் பதில் வராவிட்டால் விண்டோஸ் அந்தச் சாளரத்தைச் செயலற்றதாக அறிவித்துவிடும். ஒரு நொடி கழித்து என்னைக் கூப்பிடு என்று டிகிண்டரிடமே சொல்லிவைக்க 'ஆஃப்டர்' என்று ஒரு வழி இருக்கிறது. சொல்ல அரை நிமிடம் ஆகும். சிரிப்பதற்கு அதைவிட அதிக நேரம் செலவிட்டோம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2002இல், விஷுவல் பேசிக் 6 என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டிருந்தபோது, மாமாவின் உரக்கடைக்கு ஒரு ரசீதுச் சாளரம் எழுதினேன். புதிய பற்றைக் கோப்பில் எழுத 'ஃபார் அவுட்புட்' என்று திறந்தேன். அப்படித் திறந்த கணத்திலேயே கோப்பில் இருந்தது அனைத்தும் அழிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. நான்கு மாதக் கடன் கணக்கு, ஒரே அழுத்தலில் போயிற்று. பயிற்சி மையத்துக்கு ஓடிப்போய்க் கேட்டேன். ஆசிரியர் பத்துப் பேர் முன்னிலையில், "மேனுவலைப் படித்துவிட்டு வா" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மேனுவல் இருந்த குறுந்தகட்டை அவரேதான் பூட்டி வைத்திருந்தார். பக்கத்துக் கடையில் மானிட்டர் பழுது பார்க்கும் ஓர் அண்ணன், பற்றவைப்புக் கோலைக் கீழே வைக்காமலே, "அப்பெண்டுன்னு போடு தம்பி, பழசு மேல தொடர்ந்து எழுதும்" என்றார். இன்றைக்கு நான் சோறு தின்பது அந்த ஒரு வாக்கியத்தால்தான். மாமா திட்டவில்லை. பழைய நோட்டைத் தூசு தட்டி எடுத்து, ஒவ்வொருவரையும் நினைவுபடுத்தி மறுபடி எழுத ஆரம்பித்தார். திட்டியிருக்கலாம்.

அடுத்து, டெஸ்க்டாப் செத்துவிட்டது என்ற வாதம். பேச்சாளர் அதைச் சொன்ன படவில்லையே அவரது மடிக்கணினியில் ஒரு டெஸ்க்டாப் மென்பொருளின் சாளரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெப் எழுதுகிறவர்கள் நாளெல்லாம் கட்டிக்கொண்டு அழும், நிரல் எழுத உதவும் விஎஸ் கோடும் கணினியில் நிறுவிக்கொள்ளும் சாளரம்தான். நம் ஊர்க் கணக்கர்களிடம் போய் டேலி என்ற கணக்கு மென்பொருளை மூடிவைக்கச் சொல்லிப் பாருங்கள். இணையம் போனாலும் கணக்கு திறக்க வேண்டும், மாதச் சந்தா கட்ட முடியாது, கடன்காரர் பெயர்கள் வேறெவருடைய கணினிக்கும் போகக் கூடாது என்று நினைக்கும் ஒரு மளிகைக் கடைக்கு இதைவிட ஏற்ற வழியை எனக்குத் தெரிந்த யாரும் இதுவரை சொல்லவில்லை.

"எல்லாவற்றையும் ஊட்டிவிட்டால் எப்படி வளர்வார்கள்?" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உங்களுக்கும் யாரோ ஊட்டியிருக்கிறார்கள், மறந்துவிட்டீர்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டிருக்கலாமே என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கேட்டிருக்கலாம், சரியான விடையே வந்திருக்கும். அது அர்ச்சனை செய்யச் சொல்லியிருக்காது. பிள்ளைகள் இப்போதெல்லாம் கூட்டங்களுக்கு வருவதில்லை என்று ஒவ்வொரு மாதமும் புலம்புகிறோமே, அதற்கான காரணத்தை அந்த நண்பர் தம்மை அறியாமலே எழுதிவிட்டார்.

பேச்சாளரைத் தாக்குகிறேன், பின்வரிசைக்காரரைத் தாக்குகிறேன் என்று பேசிக்கொள்கிறார்கள். மூன்றாம் வரிசையில் இடது ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கேள்வியைக் கேட்ட பத்தாவது நொடியில், பிரச்சினை 129இல் இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காணொளியை நன்றாகப் பார்த்தால் தெரியும்: அர்ச்சனை என்ற சொல் வந்தபோது என் தோளும் குலுங்குகிறது. அதன் பிறகு கையைத் தூக்கியிருக்கலாம். பேச்சாளர் மூத்தவர், இடையில் புகுவது மரியாதையாக இராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேநீர் இடைவேளையில் தேடியபோது அந்தப் பெண்ணின் நாற்காலி காலியாக இருந்தது.

அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அவரைத் தெரிந்தவர்கள் இந்தப் பதிவை அவரிடம் காட்டுங்கள். கோப்பைத் திறக்கும் வரியில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று சேர்க்கச் சொல்லுங்கள். எழுதும் வரியிலும் மறக்காமல் சேர்க்க வேண்டும். 'டபிள்யூ' முறையில் திறந்தால் பழைய கணக்கு அழிந்துவிடும், தொடர்ந்து எழுத 'ஏ' முறை என்பதையும் சொல்லிவிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, நூலகப் படிக்கட்டருகே மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன். கடிகாரத்தை அங்கே ஓட வைத்துவிடலாம்.