ஏரிக்கரையில் என்ன அவசரம்?

ஞாயிற்றுக்கிழமை நம் நடைக் குழு வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குப் போனபோது நடந்ததைப் பற்றி நீங்களெல்லாம் பேசி முடித்துவிட்டீர்கள். மறுபடி முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. ஒருங்கிணைப்பாளர் தம்பி, "நீங்க வேன்லயே உக்காந்துக்குங்கம்மா, க்ரூப் ஸ்பீடு போயிடுது" என்றார். அம்மா, "பரவால்ல தம்பி, உக்காந்துக்கறேன்" என்றாள். நடந்தது அவ்வளவுதான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அது என்ன ஸ்பீடு? ஏரிக்கரை அது. ஏற்றம் கிடையாது, பாறை கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், தலைக்கு மேலே மர நிழல். அறிவிப்பிலேயே 'எளிய நடை, எல்லா வயதினரும் வரலாம்' என்று போட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் 72 வயது அம்மாவுக்குப் புது கான்வாஸ் ஷூ வாங்கி, விடிகாலை 5 மணிக்குத் தாம்பரத்தில் வேன் ஏற்றினேன். எளிய நடை என்றால் மெதுவாக நடக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான். சீக்கிரம் முடித்துவிட்டு படாளம் கூட்டு ரோட்டில் டிபன் சாப்பிடுவதற்கு ஒரு ஏரி எதற்கு?

அம்மாவுக்குப் பிறந்த ஊர் மதுராந்தகம் பக்கம். கரையில் நூறடிகூட நடந்திருக்க மாட்டாள், நின்றுவிட்டாள். மூட்டு வலி என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். "அதில்லடா, அங்க பாரு" என்றாள். தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரத்தில் நத்தைகுத்தி நாரை ஒன்று, பக்கத்துக் கூட்டில் குஞ்சுகள். பெரிய நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும், நத்தையைப் பிடிக்க அது உதவும் என்பார்கள். "குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும்" என்றாள். பைனாகுலரில் பார்த்தேன். அவள் சொன்னது சரி. குஞ்சின் அலகு ஒட்டி மூடியிருந்தது. எத்தனையோ தடவை அங்கே போயிருக்கிறேன், ஒரு தடவைகூட இதைக் கவனித்ததில்லை. முன்னால் போனவர்கள் அதற்குள் பறவை பார்க்கும் கோபுரத்தடியில் நின்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்தத் தம்பி அம்மாவை வேனில் உட்காரச் சொன்னார்.

நின்று பார்க்காமல் வேடந்தாங்கலில் வேறு என்ன இருக்கிறது? ஏரியே சுமார் 30 ஹெக்டேர்தான். கூழைக்கடா குச்சியைக் கவ்விக்கொண்டு வந்து இறங்குவதையும், பாம்புத்தாரா சிறகை விரித்துக் காய வைப்பதையும், வக்கா இலைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதையும் நின்றால்தான் பார்க்க முடியும். நடக்க மட்டும்தான் வேண்டும் என்றால் மெரினா இருக்கிறது. ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் நாகலாபுரம் மலை இருக்கிறது, தாராளமாகப் போங்கள், நான் தடுக்கவில்லை.

"யாராவது விழுந்துவிட்டால் பொறுப்பு யார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் நான் பக்கத்தில் இருந்தேன். "பதினெட்டு பேர் ஒருத்தருக்காகக் காத்திருக்கணுமா?" என்பார்கள். ஆமாம், காத்திருக்கலாம். பத்து நிமிஷம் நின்றிருந்தால் அந்தக் குஞ்சுகளைப் பதினெட்டு பேரும் பார்த்திருப்பார்கள். "உங்க அம்மா என்பதால் உணர்ச்சிவசப்படறீங்க" என்று ஒருவர் நேரிலேயே சொன்னார். என் அம்மாவுக்காக நான் படாமல் வேறு யார் படுவார்கள்?

அந்த ஏரி இன்றைக்கு இருப்பதே அந்தப் பக்கத்து மனிதர்களால்தான். 1790களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லியோனல் பிளேஸிடம் போய் நின்று, சுடக்கூடாது என்று எழுத்தில் வாங்கினார்கள். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமர் காத்தார் என்று சொல்லும் கதையில் வருகிற அதே பிளேஸ் துரைதான். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது நேற்று வந்த பெருமை. அதற்கு இருநூறு வருஷம் முன்பிருந்தே காத்தவர்கள் அம்மாவைப் போன்றவர்கள். அப்படிப்பட்ட ஒருத்தியை வேனில் உட்கார வைத்துவிட்டு, அவளுக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரியாத நாம் கரையில் நடந்தோம். நானும் நடந்தேன். அவள்தான் "நீ போய்ட்டு வாடா" என்று அனுப்பினாள். போயிருக்கக் கூடாது. அதுதான் இத்தனை நாளாக உள்ளே குத்துகிறது.

அப்பா ரிடையர் ஆன புதிதில், "எங்கயாவது பச்சையா இருக்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போடா" என்று கேட்டார். அடுத்த லீவு, அடுத்த லீவு என்று தள்ளினேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவையாவது கூட்டிப் போக வேண்டும் என்றுதான் இந்தக் குழுவில் பணம் கட்டினேன்.

குழுவை விட்டு நான் விலகிவிட்டேன், அதற்காக யாரும் போன் செய்ய வேண்டாம். அந்தத் தம்பி மேல் எனக்குப் பகை இல்லை. அவர் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும். என்னிடம் பேச வேண்டியதில்லை.

அம்மா அன்றைக்கு வேனில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள் செங்கல்பட்டு தாண்டும் வரை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஷூவைத் துணியால் துடைத்து, டப்பாவில் போட்டு, "பரண்ல வெச்சிடுடா, இனிமே எதுக்கு" என்றாள். நான் வைக்கவில்லை. வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். வேடந்தாங்கலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கரிக்கிலி பறவை ஏரியில் கூட்டம் அவ்வளவாக இருக்காது. வருகிற ஞாயிறு நாங்கள் ரெண்டு பேர் மட்டும் போகிறோம்.