மார்கெரீத்தா குவார்துச்சியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை நம் குழு நடத்திய உரையைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் காணொளித் துண்டை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பு முகங்கள் வேறு குவிகின்றன. பேச்சாளர் யாரென்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் சொல்லப் போவதில்லை. இத்தாலியத் தொல்லியலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர் ஒரே ஒரு பெண்ணைத்தான் குறிப்பிட்டார். அவரையும் "போப்பாண்டவரின் எலும்புப் பாட்டி" என்றார். அரங்கம் சிரித்தது; அவர் அடுத்த படத்திற்குப் போய்விட்டார்.

அந்தப் பாட்டியின் பெயர் மார்கெரீத்தா குவார்துச்சி. 1902 இல் ஃபுளோரன்சில் பிறந்து 1999 இல் ரோமில் மறைந்தவர். அவர் கல்வெட்டறிஞர். இதை இந்தப் பதிவில் இன்னும் சில முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புனித பேதுருவின் எலும்புகள் பற்றிய வத்திக்கான் விவகாரத்திற்குள் அவர் காலடி வைத்த 1952 ஆம் ஆண்டில் அவருக்கு ஐம்பது வயது ஆகிக்கொண்டிருந்தது. ரோம் பல்கலைக்கழகத்தில் இருபது ஆண்டுகளாகக் கிரேக்கக் கல்வெட்டியல் கற்பித்துவந்தார். எலும்புகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமலேயே தம் துறையில் அசைக்க முடியாத இடத்தைப் பிடித்திருந்தார்.

அந்த இடம் எப்படி வந்தது என்று பேச்சாளருக்குத் தெரியுமா? ஃபெதெரிகோ ஹால்பெர் என்ற பேரறிஞர் 1884 முதல் கிரீட் தீவில் அலைந்து கல்வெட்டுகளைத் திரட்டினார். பெரும்பணிதான், மறுப்பில்லை. ஆனால் அவற்றை முழுத் தொகுதியாக்கும் வேலையை முடிக்காமலேயே 1930 இல் இறந்துபோனார். போலோஞாவில் பட்டம் பெற்று, ஏதென்சில் உள்ள இத்தாலியத் தொல்லியல் பள்ளியில் பயின்றிருந்த குவார்துச்சி, முப்பது வயதுகூட நிரம்பாத நிலையில் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டார். 1935 இல் முதல் தொகுதி வந்தது. 1939 இல் இரண்டாவது, உலகப் போரின் நடுவே 1942 இல் மூன்றாவது, 1950 இல் நான்காவது. ஒரு தீவின் கல்வெட்டுகளை ஊர் ஊராக வகைப்படுத்தி, ஒவ்வொன்றின் எழுத்தையும் சிதைவையும் முந்தைய வாசிப்புகளையும் ஒப்பிட்டு, இலத்தீனில் விளக்கம் எழுதி முடித்தார். சேகரித்தவரின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முடித்தவர் எலும்புப் பாட்டி ஆகிவிட்டார்.

நான்காம் தொகுதியில் 72 ஆம் எண்ணாக நிற்பது கொர்த்தின் நகரத்துச் சட்டக் கல்வெட்டு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அது பன்னிரண்டு பத்திகளும் அறுநூறுக்கும் மேற்பட்ட வரிகளும் கொண்டது. ஒரு வரி வலமிருந்து இடமாகவும் அடுத்த வரி இடமிருந்து வலமாகவும், ஏரில் பூட்டிய மாடு சால் முனையில் திரும்பி வருவதைப் போல எழுதப்பட்டது. அதில் என்ன இருக்கிறது தெரியுமா? தகப்பன் சொத்தில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. மணமுறிவு ஏற்பட்டால் பெண் தான் கொண்டுவந்த சொத்தையும் தான் நெய்த துணியில் பாதியையும் எடுத்துச் செல்லலாம். ஆண் வாரிசு இல்லாத வீட்டுப் பெண்ணை யார் மணப்பது, அவள் மறுத்தால் சொத்து எப்படிப் பிரியும் என்பதுவரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பண்டைய கிரேக்கப் பெண்களின் சட்ட நிலையைப் பேச வருகிற எவரும் இந்தக் கல்லைத் தாண்டிப் போக முடியாது. சனிக்கிழமை அந்தப் பேச்சாளர் தாண்டிப் போனார், புன்னகையோடு.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்க் கோயிலின் அதிட்டானத்தில், அதாவது அடித்தளத்தில், இருந்த கல்வெட்டை எங்கள் குழு படித்துக்கொண்டிருந்தது. கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்காக ஆடுகள் கொடுத்த கொடை. "சாவா மூவாப் பேராடு" என்ற வழக்கமான தொடர் தெளிவாக இருந்தது. எத்தனை ஆடு என்பதில்தான் கல் பொரிந்திருந்தது. தொண்ணூறு என்று பெரியவர்கள் முடிவுகட்டிச் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் மாவைத் தடவிவிட்டு, வெயில் சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, சாய்ந்த வெளிச்சத்தில் மிச்ச எழுத்துகளைப் பிடித்தேன். தொண்ணூற்றாறு. கல்லின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த மைப்படியும் அதையே காட்டியது. அறிக்கை அச்சில் வந்தபோது தொண்ணூற்றாறு என்ற என் வாசிப்பு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ஆண்கள் அனைவரின் பெயரும் முதலெழுத்தோடு இருந்தன. கடைசியில் "மைப்படி எடுக்க மகளிரும் உதவினர்" என்று ஒரு வரி. அந்த மகளிர் நான் ஒருத்திதான்.

இதைச் சொன்னவுடன், "உங்கள் சொந்த மனக்குறையை ஓர் இத்தாலியப் பெண்மணியின் தலையில் ஏற்றுகிறீர்கள்" என்று ஒருவர் எழுதுவார். எழுதட்டும். ஒரு வரியைப் படிக்க ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தவளுக்குத்தான் நான்கு தொகுதிகள் என்றால் என்னவென்று கொஞ்சமாவது உறைக்கும்.

"எலும்பு விவகாரத்தால்தானே அவர் உலகப் புகழ் பெற்றார், அதைச் சொன்னதில் என்ன தவறு?" என்பது அடுத்த கேள்வி. சொன்னதில் தவறில்லை, சொன்ன விதத்தில் இருக்கிறது. புனித பேதுரு பேராலயத்தின் அடியில் 1940 முதல் நடந்த அகழாய்வை நடத்தியவர்கள் ஆண்கள். அறிக்கை 1951 இல் வந்தது. அதற்குப் பிறகு உள்ளே போன குவார்துச்சி முதலில் செய்தது எலும்பு தேடுவதல்ல, அங்கே எழுத்துகள் கீறப்பட்டிருந்த ஒரு சுவரைப் படிப்பது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறப்பட்டு, பார்த்தால் தலை சுற்றும் அந்தக் கீறல் எழுத்துகளைப் பல ஆண்டுகள் படித்து 1958 இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அந்தச் சுவரின் மாடத்திலிருந்து எடுக்கப்பட்டு ஒரு பெட்டியில் கிடந்த எலும்புகள் பேதுருவுடையவை என்ற முடிவை அவர் பின்னர் முன்வைத்தார். 1968 ஜூன் 26 அன்று போப் ஆறாம் பவுல் அதை ஏற்று அறிவித்தார். 2013 நவம்பரில் போப் பிரான்சிஸ் அவற்றில் சிலவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்.

அது மெய்ப்பிக்கப்பட்டதா? இல்லை. அகழாய்வுக் குழுவில் இருந்த இயேசு சபைத் துறவி அந்தோனியோ ஃபெருவா கடைசிவரை ஏற்கவில்லை. எலும்புகள் மாடத்திலிருந்து பெட்டிக்குப் போன கதை பெரும்பாலும் ஒரு தொழிலாளியின் சாட்சியத்தில் நிற்கிறது. சுவரில் அவர் கண்ட மறைகுறியீடுகள் பலவற்றைச் சக அறிஞர்கள் ஏற்கவில்லை. எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் அறிக்கை எழுதி முடித்த பிறகும் அந்த மாடத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல் இருந்த குழுவைப் பார்த்து எவரும் சிரிக்கவில்லையே! அது "அகழாய்வின் இயல்பான குறைபாடு". கேள்வி கேட்டவர் பாட்டி.

"பிரெனெஸ்தே ஊக்கு?" என்று ஒரு நண்பர் நேற்றே உள்பெட்டியில் கேட்டுவிட்டார். ஆம், 1887 இல் ஜெர்மன் தொல்லியல் அறிஞர் ஹெல்பிக் அறிமுகப்படுத்திய, மிகப் பழைய இலத்தீன் எழுத்துள்ள அந்தத் தங்க ஊக்கு போலி என்று 1980 இல் குவார்துச்சி வாதிட்டார். 2011 இல் வெளியான ஆய்வுகள் அது உண்மையானதே என்றன. சரி, அதில் தவறிவிட்டார். எழுபது வயதைத் தாண்டியும் ஒரு பெரும் பெயரைச் சந்தேகப்படத் துணிந்த பிழை அது. மேற்கொண்டு இதில் பேச ஒன்றுமில்லை.

"எல்லாவற்றிலும் ஆண் பெண் பார்க்க வேண்டுமா?" நான் பார்க்கவில்லை, பேச்சாளர்தான் பார்த்தார். அதே உரையில் தென் இத்தாலியின் செலே ஆற்று முகத்துவாரத்தில் இருந்த, கிரேக்கத் தெய்வம் ஹீராவின் கோயிலுடைய புடைப்புச் சிற்பங்களைக் காட்டினாரே, நினைவிருக்கிறதா? உம்பெர்தோ த்சனோத்தி பியாங்கோவின் பெயரை மிக மரியாதையாகச் சொன்னார். அந்தச் சதுப்பு நிலத்தில், மலேரியாவுக்கு நடுவே, 1934 முதல் அவரோடு சேர்ந்து தேடி, அகழ்ந்து, வெளியிட்ட பாவோலா த்சன்கானி மொந்துவோரோவின் பெயர் வரவே இல்லை. நேரம் போதவில்லையாம். எலும்பு நகைச்சுவைக்கு நேரம் இருந்தது. இத்தாலியின் அறிஞர் அமைப்பான லிஞ்சேய் கழகம் தொல்லியல் அறிஞர் எர்சிலியா கயெதானி லொவதெல்லியை 1879 லேயே உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துவிட்டது; இங்கே இன்றைக்கும் ஒரு பெண் பெயரை முழுதாக உச்சரிப்பதற்குள் நமக்கு நேரம் தீர்ந்துபோகிறது.

"அவர் பக்தை, அறிவியலாளர் அல்ல" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. நெற்றி நிறையத் திருநீறோடு கல்வெட்டுப் படித்த எத்தனையோ பெரியவர்களின் காலில் விழுந்தவர்கள்தான் அதைச் சொல்கிறார்கள்.

அவர் கல்வெட்டறிஞர். கிரேக்கக் கல்வெட்டியலுக்கு 1967 முதல் 1978 வரை அவர் எழுதிய நான்கு தொகுதிக் கையேட்டை இன்றும் மாணவர்கள் புரட்டுகிறார்கள். குழுவின் பொறுப்பாளர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். காணொளியின் தலைப்பில் இருக்கும் "எலும்புப் பாட்டி"யை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடுங்கள். அதுவரை அடுத்த மாத அழைப்பிதழில் என் பெயர் வேண்டாம். மைப்படி எடுக்க வேறு மகளிர் யாராவது உதவுவார்கள்.