“இன்னும் முடிவு வரலை சார்”

அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஐந்து பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மையையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். நான் பி.எச்டி. முடித்தவள் என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தான். வேண்டாம், பேசாமல் இருப்போம் என்று ஒரு ராத்திரி முழுக்க இருந்து பார்த்தேன். முடியவில்லை, எழுதுகிறேன்.

எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கும் வந்திருக்கும். கல்லூரி விழா மேடையில் நிற்கிற விருந்தினர், ஆராய்ச்சி மாணவர்கள் கை தூக்குங்கள் என்கிறார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் தூக்குகிறாள். எழுந்து நிற்கச் சொல்கிறார். எத்தனை வருஷமா பண்றம்மா? நாலு வருஷம் சார். என்ன கண்டுபிடிச்ச? அவள் நிலக்கடலை, வறட்சி என்று ஆரம்பிக்கிறாள். அவர் இடைமறித்து, அதெல்லாம் விடும்மா, முடிவு என்ன, அதைச் சொல்லு என்கிறார். “மூணாவது பருவம் வயல்ல இருக்கு சார். இன்னும் முடிவு வரலை சார்.” அரங்கமே சிரிக்கிறது. அப்புறம் அவர் தன் கம்பெனியில் ஒரு பையன் ஆறு மாதத்தில் செயலி செய்த கதையைச் சொல்கிறார், எல்லோரும் கை தட்டுகிறார்கள். அந்தப் பெண் உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருக்கிறாள். அதை யாராவது கவனித்தீர்களா? கிட்டத்தட்ட ஒரு நிமிடம் நிற்கிறாள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அன்றைக்கு அந்த அரங்கில் பேசப்பட்டதிலேயே நேர்மையான வாக்கியம் அவள் சொன்னது. முடிவு வரவில்லை என்றால் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்நூறு பேர் முன்னால், மைக் பிடித்த ஒரு பெரிய மனிதர் கேட்கும்போது, ஏதாவது ஒன்றை ஊதிச் சொல்லித் தப்பித்திருக்கலாம். முப்பது சதவீதம் விளைச்சல் கூடும் சார் என்று வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லியிருந்தால் கை தட்டியிருப்பீர்கள். அவள் அதைச் செய்யவில்லை.

நிலக்கடலை என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், எங்கள் ஊர்ப் பக்கம் அதுதான் பயிர். ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக விதைக்கிற கடலைக்கு வருடத்துக்கு ஒரு பருவம்தான். வறட்சி தாங்குமா என்று பார்க்க வேண்டுமென்றால் வறட்சி வர வேண்டும். பூக்கிற நேரத்திலும் விழுது இறங்குகிற நேரத்திலும் மழை நன்றாகப் பெய்துவிட்டால் எல்லாச் செடியும் காய்த்துவிடும், எது தாங்கும் எது தாங்காது என்று அந்த வருடம் தெரியாது. மேலே கூரை போட்டு மழையைத் தடுத்தும் பார்ப்பார்கள், ஆனால் விவசாயியின் காட்டில் கூரை கிடையாது, கடைசியில் வானத்துக்குக் கீழே வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். மூன்றாவது பருவம் என்று அவள் சொன்னதில் இத்தனையும் இருக்கிறது. சிரித்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் கடலை போட்டிருப்பார்கள் என்று நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

என் பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அம்மாவின் அம்மா, வியாசர்பாடியில் இருந்தவர். அறுபதுகளில் அவருக்கு டிபி வந்தது. அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்னால் வந்திருந்தால் மாதக்கணக்கில் சானடோரியத்தில், அதாவது டிபிக்கென்றே இருந்த ஆஸ்பத்திரியில், போய்ப் படுத்திருக்க வேண்டும், அதுவும் இடம் கிடைத்தால். தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பேர் இருக்கிறதே, அந்தக் காலத்தின் மிச்சம்தான் அது. பாட்டி எங்கேயும் போகவில்லை. வீட்டிலேயே இருந்தார், மாத்திரை சாப்பிட்டார், சமைத்தார், கைக்குழந்தையாக இருந்த என் அம்மாவைத் தொட்டிலில் போட்டு ஆட்டினார். பாட்டி பிழைத்தார், அம்மாவுக்கும் ஒட்டவில்லை.

டிபிகாரரை வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கலாம் என்று உலகத்துக்கே காட்டியது எந்த ஊர் தெரியுமா? நம் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்தது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் முன்னின்று நடத்தினார். நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் வைத்தார்கள், இன்னொரு பாதியை நெரிசலான, சோற்றுக்கே திண்டாடுகிற அவர்கள் வீடுகளிலேயே விட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஐசோனியாசிட், பாஸ் என்ற இரண்டு டிபி மருந்துகள், ஒரு வருடம். மருந்தை நிஜமாகவே விழுங்குகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். 1959இல் முதல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாகக் குணமாகியிருந்தார்கள்.

ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. கூடவே இருந்த பெண்டாட்டி பிள்ளைகளுக்குப் பரவியதா? அதற்காக அந்தக் குடும்பங்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். சானடோரியத்துக்கு அனுப்பிய வீட்டை விட, நோயாளி வீட்டிலேயே இருந்த வீட்டில் நோய் அதிகமாக வரவில்லை என்ற விவரம் 1966இல்தான் வெளியானது. மையம் தொடங்கிப் பத்து வருடம். நடுவில், 1960இலோ 61இலோ, அங்கே வேலை பார்த்த யாரையாவது ஒரு விழாவில் எழுந்து நிற்கச் சொல்லி, குழந்தைகளுக்கு ஒட்டுமா ஒட்டாதா, முடிவைச் சொல்லு என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? இன்னும் முடிவு வரலை சார் என்றுதான். அப்போதும் நாம் சிரித்திருப்போமா? அந்த மையம் இன்றைக்கும் இருக்கிறது, தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில்.

இப்போது என்ன சொல்வீர்கள் என்று தெரியும். அது அந்தக் காலம், இப்போது எல்லாம் வேகம், கொரோனா தடுப்பூசியை ஒரே வருடத்தில் கண்டுபிடித்தார்களே என்பீர்கள். ஒரே வருடத்தில் கண்டுபிடிக்கவில்லை. கடைசி வருடத்தைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். அந்தத் தடுப்பூசிகளில் சிலவற்றுக்கு அடிப்படையான எம்ஆர்என்ஏ என்ற மூலக்கூறை நம்பிக்கொண்டிருந்த விஞ்ஞானி கேட்டலின் கரிக்கோ, ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்காமல் 1995இல் பதவி இறக்கப்பட்டவர். அவரும் கூட வேலை பார்த்த ட்ரூ வைஸ்மனும் அந்த மூலக்கூறை உடம்பு எதிர்க்காமல் ஏற்றுக்கொள்ள வைப்பது எப்படி என்று எழுதிய கட்டுரை 2005இல் வந்தது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2023இல் நோபல். 1995இல் அவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் படித்தது சிவில் இன்ஜினியரிங். கடலோரத்தில் கட்டின வீடுகளில் சில வருடத்திலேயே கூரை பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடுகிறது, கம்பி துருப்பிடிக்கிறது, துரு இரும்பை விட அதிக இடம் கேட்கும், அதனால் உப்பி கான்கிரீட்டை உடைக்கிறது. என் அத்தை வீட்டில் தூங்குகிற குழந்தைக்கு ஒரு சாண் தள்ளி அப்படி ஒரு காரை விழுந்தது. அதனால்தான் அந்தத் தலைப்பை எடுத்தேன். சிமெண்டில் நிலக்கரிச் சாம்பலைப் பல அளவில் கலந்து, உள்ளே கம்பி வைத்து, கட்டைகள் வார்த்துக் கடற்கரையில் அலை தெறிக்கிற இடத்தில் வைத்தேன். மாதம் ஒரு முறை போய் உள்ளே இருக்கும் கம்பியின் மின்னழுத்தம் பார்க்க வேண்டும். மைனஸ் 200 மில்லிவோல்ட்டுக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் துரு இல்லை. மைனஸ் 350க்குக் கீழே போனால் துரு ஆரம்பித்துவிட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். இடையில் இருந்தால் சொல்ல முடியாது, அளவுமுறையிலேயே அது நிச்சயமில்லாத பகுதி என்றுதான் போட்டிருக்கும்.

நல்ல கான்கிரீட் என்றால் சீக்கிரம் துருப்பிடிக்காது. அதாவது என் கலவை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு நாள் நான் காத்திருக்க வேண்டும். இதை என் சித்தப்பாவுக்கு எத்தனை தடவை சொல்லிப் புரிய வைக்கப் பார்த்திருப்பேன். ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்ததும் கேட்பார், இன்னுமா படிச்சு முடிக்கல, அந்தக் கல்லு இன்னும் கடற்கரையிலதான் கிடக்குதா? பக்கத்து இலையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். வீடியோவில் கேட்ட அதே சிரிப்பு. ஆறு வருடம் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன், அதனால்தான் நேற்று அது காதுக்குள் போனதும் கை நடுங்கியது.

நான் சேர்ந்தபோது ஜேஆர்எஃப், அதாவது ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை, மாதம் 25,000 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு முறை ஏழு மாதம் வரவில்லை. ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு அம்மா வளையலை அடகு வைத்துக் கட்டினேன். கடற்கரைக்குப் போய் வரும் பஸ் காசு என் கைக்காசு. அரசாங்கப் பணத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வரிப்பணம், வரிப்பணம் என்கிறீர்களே, நம் நாடு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது 0.64 சதவீதம். தென் கொரியா 4 சதவீதத்துக்கு மேல். இதை வைத்துக்கொண்டா அந்தப் பெண்ணிடம் கணக்குக் கேட்கிறோம்?

போலி ஆராய்ச்சி நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடக்கிறது. காசு கொடுத்துக் கட்டுரை போடுகிறார்கள், தீசிஸ் எழுதித் தருகிற கடைகள் இருக்கின்றன, ஸ்காலரைத் தன் வீட்டு வேலைக்கு அனுப்புகிற கைடுகளும் இருக்கிறார்கள். எனக்கு உங்களை விட நன்றாகத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள், போலி செய்கிறவர் எவரும் முடிவு வரவில்லை என்று சொல்ல மாட்டார். அவருக்கு எப்போதும் முடிவு வந்திருக்கும், கிராஃபெல்லாம் அழகாக இருக்கும். வரவில்லை என்று சொன்னவளைப் பிடித்துத்தான் நீங்கள் சிரிக்கிறீர்கள்.

இன்னொரு நண்பர், நல்ல மனிதர், பாரம்பரிய விதைகளுக்காக அலைகிறவர், வேறு விதமாக எழுதியிருந்தார். ஆராய்ச்சி நிலையங்கள் விவசாயிக்கு என்ன செய்தன, இருந்த விதையையும் அழித்தார்கள் என்று. விதைகள் காணாமல் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் கோயம்புத்தூரில் 1912இல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, பார்பர், வெங்கட்ராமன் என்ற விஞ்ஞானிகள் செய்ததை அவர் ஒரு முறை படிக்க வேண்டும். தித்திப்பான வெள்ளைக் கரும்பை, காட்டுத்தனமாக வளரும் பேய்க்கரும்போடு கலப்பினம் செய்தார்கள். தித்திப்பே இல்லாத, அடுப்பெரிக்கப் பிடுங்குகிற அந்தப் புல்லை எதற்கு என்றுதான் அன்றைக்கு யாரும் கேட்டிருப்பார்கள். 1918இல் கோ 205 என்ற ரகம் வெளிவந்தது, பஞ்சாப் வரைக்கும் போனது. அந்தப் புல்லின் தாங்கும் குணம் இன்றைய கரும்பிலும் ஓடுகிறது. அதற்கும் ஆறு வருடம் ஆனது. இன்றைக்கு ஒரு கரும்பு ரகம் வெளிவரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வந்த பிறகும் வேலை ஓயாது. 2009இல் வந்த கோ 0238 உத்தரப்பிரதேசத்தில் பெரும்பகுதிக் கரும்புக் காட்டைப் பிடித்தது, சர்க்கரை ஏறியது, எல்லோரும் கொண்டாடினார்கள், அப்புறம் செவ்வழுகல் நோய் புகுந்தது. மறுபடியும் யாரோ ஒருவர் முதல் பருவத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தானும் கூட இருந்த பொறியாளர்களும் இதய வால்வு செய்தபோது மூன்று மாதிரிகள் அடுத்தடுத்துத் தோற்றன. நான்காவதுதான் 1990 டிசம்பரில் மனிதருக்குள் போனது. இன்றைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் அந்த வால்வு வைத்திருக்கிறார்கள். தோற்ற மூன்றில் எதையாவது, ஆறு மாதம் ஆயிற்று, கை தட்டல் வேண்டும் என்று நெஞ்சுக்குள் வைத்திருந்தால்?

நிறைய எழுதிவிட்டேன். கோபத்தில் எழுதினது, அங்கங்கே தாண்டித் தாண்டிப் போயிருக்கும். அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அவள் பெயரை இங்கே போடாதீர்கள், அவளைத் தேடிப் போகவும் வேண்டாம். கடலை பறிக்கும் நேரம் வருகிறது, அவளுக்கு வேலை இருக்கும்.

என் தீசிஸ் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. கட்டைகள் இன்னும் கடற்கரையில்தான் இருக்கின்றன. எனக்குப் பின்னால் வந்த ஒரு பையன் மாதா மாதம் ரீடிங் எடுக்கிறான், எடுத்ததும் எனக்கும் அனுப்புவான். போன ஞாயிற்றுக்கிழமை அனுப்பியிருந்தான். சாம்பல் அதிகம் கலந்த ஏழாம் நம்பர் கட்டை, மைனஸ் 240. போன மாதம் மைனஸ் 236. சொல்ல முடியாது அக்கா, அடுத்த மாசம் பார்ப்போம் என்று கீழே எழுதியிருந்தான்.