கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தமா?

போன வருஷம் ஆடிக்கு முன்னால் என் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. என் மகன், அப்போது எட்டு வயது, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஒரு இடத்தில் நிற்காது, உடம்பும் சும்மா இருக்காது. இரண்டு கையும் முழங்காலின் மேல். எதிரில் இருக்கும் மேடத்தின் கண்ணையே பார்க்கிறான். 12 நிமிடம், அசைவே இல்லை. ஐந்து மாதம் தெரபிக்கு அனுப்பியதற்குப் பலன் என்று அந்த சென்டரில் இருந்து அனுப்பியிருந்தார்கள்.

நான் சும்மா இருப்பேனா? உடனே குடும்ப குரூப்பில் போட்டேன். நாத்தனார் ஏழெட்டுக் கும்பிடு போட்டாள். அத்தை கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டியிருந்தார், வைத்துவிட்டும் வந்தார்.

அந்த வீடியோ வந்த அன்று சாயங்காலம் பையன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். சட்டைக் காலரை மென்று மென்று நூல் நூலாகப் பிரித்து வைத்திருந்தான். நானும் தரையில் படுத்து, "என்ன கண்ணு ஆச்சு?" என்றேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான்: "கண்ணைப் பார்த்தா ஸ்டார் தருவாங்க. கையை ஆட்டுனா ஒரு ஸ்டார் போயிரும். நான் அதையே எண்ணிக்கிட்டு இருந்தேனா, மேடம் என்ன சொன்னாங்கன்னே கேக்கல."

கவனிக்கிற மாதிரி இருப்பதற்கே பிள்ளையின் கவனம் மொத்தமும் செலவாகிவிட்டது. அந்த வீடியோவை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் ஒரு காதுகுத்தில் நடந்த பேச்சு. "இப்பெல்லாம் அஃபர்மிங் தெரபின்னு ஒண்ணு வந்திருக்காம். பிள்ளை என்ன பண்ணாலும் சரி சரின்னு தலையாட்டுவாங்களாம், அதுக்கு ஃபீஸ் வேறயாம்" என்று உறவுக்காரர் ஒருவர் சொல்ல, பந்தியே சிரித்தது. நானும் பாயசத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அங்கே சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

நாங்கள் சென்டர் மாறினோம். புதிதாகப் போனது அந்த அஃபர்மிங் வழியில் நடக்கும் இடம்தான். அங்கே இருந்த தெரபிஸ்ட் முதல் மூன்று வாரமும் அவனுக்கு ஒன்றுமே சொல்லித் தரவில்லை. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல், ஒரு தடவைக்கு 600 ரூபாய் ஆயிற்றே. நான்காவது வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "இவன் தானா அசையாம உட்கார்ற இடம் எதுங்க?"

அப்படி ஒரு இடம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு ஏற்காடு பஸ் ஞாபகம் வந்தது. என் அம்மா வீடு மேலே, ஒண்டிக்கடை பக்கம். சேலத்தில் ஜன்னலோர சீட்டைப் பிடித்துவிட்டால் போதும். அடிவாரம் தாண்டியதும் வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை வரும், மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு பலகைக்கும் உதடு மட்டும் அசையும். எந்த வளைவில் குரங்கு உட்காரும், எதில் டிரைவர் ரெண்டாவது கியருக்கு வருவார், எங்கே காது அடைக்கும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வகுப்பில் பத்து நிமிடம் உட்காராத பையன்தான்.

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றால் இவனுக்கு ஒன்றும் புரியாது. ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று உள்ளே ஒரு அளவு ஓடாது, ஏடிஹெச்டி உள்ள பலருக்கு இது உண்டு. ஆனால் மூன்று வளைவு எவ்வளவு நேரம் என்று இவன் உடம்புக்குத் தெரியும். இப்போது எங்கள் வீட்டில் கணக்குப் பாடம் ஆறு வளைவு, குளிப்பது மூன்று வளைவு. நடுவில் எழுந்து ஓடினால் "பஸ் நிக்குது சாமி, ஏறு" என்பேன். ஏறுவான். எல்லா நாளும் இல்லை. ஆனால் பல நாள்.

கைக்கு வேலை வேண்டும் என்றார். எங்களுக்குச் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை. சாம்பிளுக்காகக் கிடந்த ஒரு ஜாண் பித்தளைச் செயினை அவன் டவுசர் பையில் போட்டுவிட்டேன். பாடம் கேட்கும்போது அதை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பான். (அத்தை அதை வெள்ளி என்று நினைத்து ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. வெள்ளி விற்கிற விலைக்கு அவர் கோபமும் நியாயம்தான்.) விரல் ஓடும்போதுதான் காது கேட்கிறது இவனுக்கு. முதல் சென்டர் கட்டிப்போட்டது இந்த விரலைத்தான்.

இதில் தலையாட்டல் எங்கே இருக்கிறது? அடித்தால் சரி, கத்தினால் சரி என்று யாரும் சொல்லவில்லை. தம்பியை அடித்த அன்றைக்கு அதற்கு உண்டானது அவனுக்கு உண்டு. மாறியது ஒன்றுதான். முதல் இடத்தில் பையனை மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் அறையை, வேலையை, பெரும்பாலும் என்னை மாற்றினார்கள். எது கஷ்டம் என்று என்னைக் கேளுங்கள்.

ஸ்டார் கொடுத்துக் கண்ணைப் பார்க்க வைப்பது புதுசும் இல்லை. அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியலாளர் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இப்படி மணிக்கணக்கில் பயிற்சி கொடுத்து 1987ல் ஆய்வு வெளியிட்டார். அதில் அதட்டலும் தொடையில் அடியும்கூட இருந்தன. அடி போய்விட்டது. வெளியில் இருந்து பார்க்க மற்ற பிள்ளை மாதிரி தெரிந்தால் வெற்றி என்ற நினைப்பு மட்டும் சில அறைகளில் இன்னும் போகவில்லை. அப்படி வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களாகி, நடித்து நடித்துக் களைத்துப்போனோம் என்று இப்போது அவர்களே பேசுகிறார்கள். கேட்கத்தான் ஆள் குறைவு.

இன்னொன்று. 2007ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிள்ளைகளின் மூளை ஸ்கேன்களை வருஷக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளுக்கு மூளையின் மேலுறை முதிர்வது சராசரியாக மூன்று வருஷம் பிந்துகிறது, நெற்றிப் பக்கம் இன்னும் கூடுதலாக. அதே வரிசையில்தான் முதிர்கிறது, மெதுவாக. இதைப் படித்தபோது எனக்கு வந்தது ஆறுதல் இல்லை, வெட்கம். வராத ஒன்றை வரவில்லை என்று எத்தனை நாள் முதுகில் போட்டிருக்கிறேன்.

இனி என் கதை.

குடும்ப விவரம் எழுதும் தாளை நிரப்பிக்கொண்டிருந்தபோது தெரபிஸ்ட் மெதுவாகக் கேட்டார்: "இதுல பாதி நீங்க உங்களைப் பத்தி எழுதியிருக்கீங்களாங்க?" ஏடிஹெச்டியில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய 74 விழுக்காடு மரபு வழி என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. மனநல மருத்துவரிடம் போனேன். 39 வயதில் எனக்கும் அதே பெயர் எழுதினார்.

பட்டறையில் எடைக் கணக்கு என் பொறுப்பு. காலையில் செயின் கோர்க்க, சலங்கை ஒட்ட வீட்டுக்கு எடுத்துப்போகும் பெண்களுக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் திரும்பி வருவதை எடை போட்டு நோட்டில் ஏற்ற வேண்டும். சில வருஷத்துக்கு முன் 140 கிராம் குறைந்தது. ஒரு அக்கா திருப்பித் தந்துவிட்டேன் என்று அழுதார். இரண்டு நாள் அவரை ஒரு மாதிரி பார்த்தோம், நானும்தான். மூன்றாம் நாள் மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் என் கையெழுத்திலேயே அந்த எடை இருந்தது. யாரோ கூப்பிட்டதும் கைக்குக் கிடைத்ததில் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறேன். அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "பொறுப்பத்தவ" என்று வீட்டில் சொன்னதை நானே வழிமொழிந்தேன்.

அதனால்தான் "இது குறை இல்லை, வரம்" என்று ரீல்ஸில் பேசுகிறவர்களைக் கண்டாலும் எனக்கு ஆகாது. அந்த அக்கா அழுதது யாருக்கு வரம்? அஃபர்மிங் என்பதற்கு நான் புரிந்துகொண்ட பொருள், கஷ்டத்தைக் கஷ்டம் என்றே சொல்லிவிட்டு, ஆளைத் திட்டாமல் வழி தேடுவது. "இனிமே கவனமா இருங்க" என்று தெரபிஸ்ட் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நோட்டைத் தராசிலேயே சணல் போட்டுக் கட்டச் சொன்னார். எழுதாமல் தட்டில் இருந்து பொருளை எடுப்பதில்லை. மாசக் கடைசிக் கணக்கு போடும்போது நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவாள். கணக்கில் கை வைக்க மாட்டாள், சும்மா இருப்பாள். இன்னொரு ஆள் பக்கத்தில் இருந்தாலே எனக்கு வேலை ஓடுகிறது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை, அவரைக்காய் மட்டும் ஆகிவிடுகிறது.

பள்ளியில் சத்தம் போட்ட பையனுக்குப் பிரம்படி கிடைத்தது. சத்தம் போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு "மந்தம்" என்ற பெயர் கிடைத்தது. பெண்பிள்ளைகள் நிறையப் பேர் இப்படித்தான் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறோம், தப்பினோம் என்று சொல்லலாம் என்றால்.

மாத்திரை பற்றிக் கேட்பீர்கள். நான் போடுகிறேன். அஃபர்மிங் என்றால் மருந்துக்கு எதிரி இல்லை. ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது விற்கக் கடும் கட்டுப்பாடு உள்ளது. டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் பாதுகாக்க வேண்டும், அதற்குத் தனி லைசென்ஸ். அதனால் தெருமுனைக் கடையில் கிடைக்காது. மறதிக்கு மாத்திரை போடுகிறவள் இரண்டு பிரதி சீட்டை மறக்காமல் கொண்டுபோக வேண்டும், கேட்டால் சிரிப்பு வருகிறது. மகனுக்கு இன்னும் முடிவு செய்யவில்லை, டாக்டரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளியில் பரீட்சைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்டேன். "சர்டிபிகேட் இருக்கா?" என்றார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஹெச்டி இல்லை. ஆக என் மகனுக்குச் சட்டப்படி ஒன்றும் இல்லை, ரிப்போர்ட் கார்டில் மட்டும் எல்லாம் இருக்கிறது. அவன் வகுப்பு டீச்சர் நல்லவர். செயினைப் பிடுங்காமல் விட்டதே பெரிய உதவி.

கடைசியாக ஒரு விஷயம். போர்டுகள் மாற ஆரம்பித்துவிட்டன. "அஃபர்மிங்" என்று எழுதிய இடத்தில் உள்ளே அதே நாற்காலி, அதே ஸ்டார் அட்டை இருக்கலாம். இன்பாக்ஸில் வந்து அந்த தெரபிஸ்ட் நம்பர் கேட்காதீர்கள், தர மாட்டேன், ஏற்கனவே அவருக்கு நேரம் இல்லை. போகிற இடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். உள்ளே நடப்பதை நான் பார்க்கலாமா? கேமராவில் காட்டினாலும் சரி. அடுத்தது, பிள்ளை வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு அவர் எனக்குச் சொன்னது: "வேண்டாம்னா அன்னைக்கு வேண்டாம்ங்க. ஏன் வேண்டாம்னு கண்டுபிடிக்கிறதுதான் அன்னைக்கு எனக்கு வேலை." ஒரு சனிக்கிழமை பையன் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்று அடம் பிடித்தான். அவரும் வாசலிலேயே உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் கழித்துத் தெரிந்தது, அந்த அறையின் டியூப் லைட் இரைந்துகொண்டிருக்கிறது. எனக்கு அது கேட்கவே இல்லை. சோக்கை மாற்றினார்கள். மறுவாரம் செருப்பைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போனான்.