செக் வால்வை மட்டும் நம்ப வேண்டாம்

மீன் தொட்டிக்குக் கீழே இருக்கும் சம்ப் என்ற துணைத் தொட்டியிலிருந்து பம்ப் தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயில் செக் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) இருந்தால் கரண்ட் போனாலும் சம்ப் வழியாது என்று நினைப்பது சரியல்ல. வால்வுக்குள் ஒரு பாசித் துணுக்கோ குட்டி நத்தையோ சிக்கினால் போதும், முழுதாக மூடாது. ஓவர்ஃப்ளோ (தொட்டியில் மிகும் தண்ணீர் சம்புக்கு இறங்கும் திறப்பு) வழியாக இறங்கும் தண்ணீரையோ அது தடுக்கவே தடுக்காது.

90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் நீர்மட்டம் 2 செ.மீ. இறங்கினாலே சம்புக்கு 8 லிட்டர் வந்துவிடும். அந்த அளவுக்குச் சம்பில் காலியிடம் விடுவதுதான் உண்மையான பாதுகாப்பு.

அப்புறம், ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை போடுங்கள். மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் (குழாய் வழியே தண்ணீர் தானாகக் கீழே இழுபடுவது) அறுந்துவிடும். துளையில் பாசி அடையும், அவ்வப்போது குத்திவிடுங்கள். வால்வு பொருத்தியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, பம்பை நிறுத்தித் சம்பில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று ஒருமுறை கட்டாயம் பாருங்கள்.