அரை நாளில் பார்த்து முடிக்கிற ஊர் அல்ல தூத்துக்குடி

தூத்துக்குடிக்கு வந்து சென்றவர்கள் என்னிடம் சொல்லும் கருத்துகளை இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். எங்கள் வீடு ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் தொலைவில் இருப்பதால், திருச்செந்தூர் செல்லும் உறவினர்களும் நண்பர்களும் முத்துநகர் விரைவு ரயிலில் காலையில் வந்து இறங்கி, எங்கள் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு உடனே கோயிலுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். மாலையில் திரும்பியதும் பனிமய மாதா ஆலயத்தில் கால் மணி நேரம், கடற்கரைச் சாலையில் கால் மணி நேரம், பிறகு அரைக் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு இரவு ரயில். "துறைமுகம் துறைமுகம் என்கிறீர்கள், பார்க்க ஒன்றும் இல்லையே, வெயிலும் லாரியும்தானே இருக்கிறது" என்று அவர்களில் பலர் விடைபெறும்போது சொன்னதுண்டு. அந்தச் சொல் என்னை ஒவ்வொரு முறையும் வருத்தியிருக்கிறது. அதற்கு நான் சொல்ல விரும்பும் பதிலை இன்று முழுமையாக எழுதிவிட நினைக்கிறேன்.

அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. இங்கே துறைமுகம் ஊருக்குள் நின்று பார்க்கிற காட்சியாக அமையவில்லை. கரையோரக் கடல் ஆழம் குறைந்தது என்பதால், பழைய காலத்தில் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, தோணிகள்தான் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கி வந்தன. இன்றைய பெரிய துறைமுகத்துக்காகக் கடலுக்குள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கல் கொட்டி எழுப்ப வேண்டியிருந்தது. 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்தத் துறைமுகத்துக்குள் அனுமதியின்றி நுழைய இயலாது. வெளியில் நிற்பவருக்குத் தெரிவது பாரந்தூக்கிகளின் உச்சியும், வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகளும் மட்டுமே. ஆகவே வந்தவர் கண்ணில் லாரி மட்டும் பட்டது என்றால் அது அவருடைய குற்றமன்று. அவருக்கு வழிகாட்ட ஆளில்லை என்பதே குறை.

சென்ற மார்ச் மாதம் ஈரோட்டிலிருந்து என் கல்லூரி நண்பர் தம் தாயாரையும் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். மூன்று நாள் தங்க வேண்டும் என்றும், முதல் நாள் ஊரைப் பார்க்கவே கூடாது என்றும் முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியைத் தூத்துக்குடியிலிருந்து தொடங்கினால் அது விளங்காது. கொற்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

கொற்கை இன்று வாழைத் தோட்டங்களும் வயல்களும் சூழ்ந்த ஒரு சிற்றூர். கடல் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் விலகிக் கிடக்கிறது. சங்கப் பாடல்கள் முத்துக்காகப் போற்றிய பாண்டியர் துறைமுகம் இதுதான், கி.பி. முதல் நூற்றாண்டில் இந்தக் கடல்வழியை எழுதிவைத்த கிரேக்க வணிக மாலுமி ஒருவர், பாண்டிய நாட்டின் இந்தக் கரையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். நண்பரின் மகள் பழைய வன்னி மரத்தடியில் நின்றுகொண்டு, "இங்கே கடல் எங்கே, மாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்காகவே நான் அவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். கடலைத் தள்ளி வைத்தது தாமிரபரணி. மலையிலிருந்து அது அள்ளிவரும் வண்டல் கழிமுகத்தில் படிந்து படிந்து நிலமாக, கப்பல் நிற்க வேண்டிய துறை கிழக்கே நகர்ந்தது. அங்கே அக்கசாலை என்ற பெயரைச் சுமந்து நிற்கும் பிள்ளையார் கோயிலைப் பார்த்தோம். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். வயலுக்கு நடுவே நாணயச்சாலையின் பெயர் ஏன் கிடக்கிறது என்று யோசித்துப் பார்ப்பவருக்கு, அந்த மண்ணின் கதை முழுவதும் அந்த ஒரு பெயரில் கிடைத்துவிடும்.

அடுத்து நகர்ந்த துறை பழையகாயல். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் எல்லாரும் இந்த ஊரைக் கடந்துதான் போகிறார்கள். பேருந்தின் சன்னல் வழியாக அவர்கள் பார்ப்பது சில உப்பளங்களையும் ஒரு கடைத்தெருவையும் மட்டும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயல் என்று எழுதிய பெருநகரம் இதுவே என்று கால்டுவெல் முதலானோர் அடையாளம் கண்டார்கள். ஓர்முசு (ஹோர்முஸ்), ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் இங்கேதான் வந்து சேர்கின்றன என்று மார்க்கோ போலோ வியந்து எழுதியிருக்கிறார். அந்தக் கழிமுகமும் தூர்ந்தது. புன்னைக்காயல், காயல்பட்டினம் என்று துறைகள் சிதறி, போர்த்துக்கீசியர் காலத்தில் வாணிகத்தின் மையம் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. ஒரே துறைமுகம் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆற்றுக்கு வழிவிட்டு இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்த ஆறு ஓய்ந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணி கரைகொள்ளாமல் ஓடி, ஊர்கள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

இப்படி வந்த பிறகு, இரண்டாம் நாள் காலையில் ஊருக்குள் நடந்தோம். பனிமய மாதா ஆலயத்தின் இன்றைய கட்டடம் 1713-ஐச் சேர்ந்தது. உள்ளே இருக்கும் மாதா சுரூபம் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது மரபு. முந்தைய நாள் கொற்கையைப் பார்த்திராவிட்டால் இதுவும் கட்டட அழகாகத்தான் முடிந்திருக்கும். முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் ஏன் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடினார்கள், முத்துச் சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், மீது யார் யாருக்கு உரிமைப் போட்டி இருந்தது என்பதெல்லாம் தெரிந்தபோதுதான், நண்பரின் தாயார் அந்த ஆலயத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். மூச்சடக்கி மூழ்குகிறவனின் கயிற்றைப் படகில் இருந்து பிடிப்பவன் அவனுடைய மைத்துனனாக இருப்பான், தங்கை தாலிக்கு அஞ்சியாவது கயிற்றை விடமாட்டான் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை அவரிடம் சொன்னேன். அவர் வீட்டுக்கு வந்த பிறகும் அதையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தார்.

முத்துச் சலாபம் 1961-க்குப் பிறகு நடைபெறவில்லை. சங்கு குளிப்பது இன்றும் நடக்கிறது. வங்காளத்துப் பெண்களின் கைகளில் இருக்கும் சங்கு வளையல்களில் எங்கள் கடலின் பங்கு உண்டு. பவளத்தின் கதை துயரமானது. பல தலைமுறைகளாகப் பவளப்பாறைகளைப் பெயர்த்து வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பயன்படுத்தியதில், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீருக்குள் போய்விட்டன. எங்கள் ஊருக்கு அருகில் இருக்கும் வான் தீவைக் காப்பதற்காக இப்போது செயற்கைப் பாறைகளைக் கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள். பழைய தெருக்களில் சுவர்ப்பூச்சு உதிர்ந்த இடத்தில் பவளக்கல்லின் துளைகள் தெரியும். அவை கரைந்துபோன தீவுகளின் துண்டுகள் என்று தெரிந்தால் அந்தத் தெருவில் நடப்பதே வேறு மாதிரி இருக்கும்.

பழைய துறைமுகத்துக்கும் போனோம். தோணி என்ற சொல்லைச் சிறிய படகு என்று எண்ணிக்கொண்டு வந்த நண்பர், கரையில் நின்ற தோணியின் அடிவயிற்றைப் பார்த்துத் திகைத்துவிட்டார். நூற்றுக்கணக்கான டன் சரக்கை ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போகிற மரக்கப்பல் அது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் பெரும்பாலும் துறையிலேயே நிற்கும். பலகையும் பலகையும் சேரும் இடத்தில் பஞ்சை அடித்து இறுக்கிக்கொண்டிருந்த முதிய ஓடாவி (மரக்கலம் கட்டும் தச்சர்) ஒருவரிடம் வரைபடம் உண்டா என்று நண்பர் கேட்டார். "எங்க ஐயா கையில பார்த்தது, அதுதான் சார் கணக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்பதைப் பிறகு கேட்டறிந்தோம். அந்தக் கணக்கை யாராவது இருந்து எழுதிக்கொள்ள வேண்டும், படமெடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கு மிகுந்த பதைப்பு உண்டு.

அந்தத் துறையில் நின்றுகொண்டுதான் வ.உ.சி.யைப் பற்றிப் பேச வேண்டும். 1906-ல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியவர் அவர். அந்த வழிதான் அன்று இலங்கைக்குப் போகும் முதன்மையான வழி. 1914-ல் தனுஷ்கோடி வழி திறந்த பிறகே அந்தப் போக்குவரத்து அங்கே மாறியது. ஆங்கிலேயரின் கப்பல்கள் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தும் அவர் தளரவில்லை. 1908 தொடக்கத்தில் கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர்களோடு நின்றார். மார்ச் 12-ல் கைது செய்யப்பட்டார். அவர் சிறையில் இருந்தபோதே நிறுவனம் வீழ்ந்து, கப்பல்கள் விலைபோயின. நண்பரின் மகள் பாடநூலில் இவ்வளவும் படித்திருந்தாள். ஆனால் ஒரு கப்பல் போட்டி என்றால் என்ன என்பது, இந்த ஆழமில்லாத கடலையும் தோணிகளையும் பார்த்த பிறகுதான் தனக்குப் புரிந்தது என்று சொன்னாள். இந்த ஊர்க்காரனாக அந்தச் சொல்லுக்காக நான் பெருமைப்படுகிறேன்.

மூன்றாம் நாள் விடியும் முன்பே உப்பளத்துக்குப் போனோம். வெயிலுக்கு முந்த வேண்டும் என்பதால் அங்கே வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் சுண்டவிட்டு, படிந்த உப்பை நீண்ட மரப்பலகையால் வாரி வரப்பில் சேர்க்கிறார்கள். அம்பாரத்துக்குப் பெரும்பாலும் பெண்கள்தாம் தலைச்சுமையாகச் சுமக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கே வெள்ளைப் பரப்பின் கூச்சம் எங்கள் கண்களை நிமிரவிடவில்லை. அதையே வாழ்நாள் முழுவதும் பார்க்கிறவர்களின் கண்கள் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். உப்பளத்தைப் பின்னணியாக வைத்துப் படமெடுத்துச் செல்லும் பயணிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வரப்பில் நிற்பவர்களைக் கேளாமல் படமெடுக்காதீர்கள். முதலில் நின்று பேசுங்கள். மழைக்காலத்தில் இவர்களுக்கு வேலையே இல்லை என்பதையும், அரசு இப்போது அந்த மாதங்களுக்காக 5000 ரூபாய் உதவி தருகிறது என்பதையும் அவர்கள் வாயாலேயே நாங்கள் அறிந்தோம்.

கிரேக்க மாலுமி முத்துக் குளித்த கைதிகளைக் கண்டார். மார்க்கோ போலோ குதிரைக் கப்பல்களைக் கண்டார். இருவரும் இந்தக் கரையில் மனிதர்கள் செய்த வேலையைத்தான் எழுதிவைத்தார்கள். இன்று வருகிறவர்கள் கடற்கரை அழகாக இருக்கிறதா, தங்குமிடம் வசதியா என்று மட்டும் எழுதுகிறார்கள். அவையும் தேவைதான். ஆனால் துறைமுக ஊர் வேலை செய்யும் ஊர். அதன் வேலையைப் பார்க்காமல் அதைப் பார்த்ததாகச் சொல்ல இயலாது. எங்கள் பக்கம் செய்ய வேண்டியதும் நிறைய இருக்கிறது. கொற்கையிலும் பழையகாயலிலும் கடல் எங்கே இருந்தது, எப்படி விலகியது என்பதைக் காட்டும் வரைபடப் பலகை ஒன்றாவது வேண்டும். விடுமுறை நாள்களில் இவ்விரண்டு ஊர்களையும் தொல்லியல் களமான ஆதிச்சநல்லூரையும் இணைத்து ஒரு நாள் பேருந்து ஓடினால், திருச்செந்தூர் வருகிறவர்களில் ஒரு பகுதியினராவது அதில் ஏறுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

வர நினைப்பவர்கள் உப்பைப் பார்க்க வேண்டுமானால் மார்ச் மாதத்தில் வாருங்கள். பனிமய மாதா ஆலயத் திருவிழாவுக்கு என்றால் ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. அந்த நாள்களில் ஊரில் அறை கிடைப்பது அரிது, முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். கொற்கைக்கு வழி கேட்பவர்கள் கீழே எழுதுங்கள், நானே சொல்கிறேன். மாலை நேரம் அமைந்தால் உடன் வரவும் செய்வேன்.